பாதாம் மாவு குக்கீஸ்: சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள்

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து பதினொரு வருடம் ஆகிறது. சாப்பாட்டில் எத்தனையோ விஷயங்களை முகம் கோணாமல் விட்டுவிட்டார். மாலையில் டீயோடு எதையாவது கடித்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. அதையும் விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் பாதாம் மாவில் குக்கீஸ் சுட ஆரம்பித்தேன். இப்போது வாரம் ஒரு தட்டாவது ஓவனுக்குள் போகிறது. தெரிந்தவர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள், கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மாத்திரை, இன்சுலின் சம்பந்தப்பட்ட எதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கீழே சீனி என்று எழுதும்போது டப்பாவில் இருக்கும் வெள்ளைச் சீனியைச் சொல்கிறேன். சர்க்கரை என்றால் ரத்தத்தில் இருப்பது. மாவுச்சத்து என்றால் கார்போஹைட்ரேட், சீனியும் அதில் அடக்கம்.

மைதாவை விட்டுப் பாதாம் மாவுக்கு மாறினால் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 100 கிராம் மைதாவில் ஏறத்தாழ 76 கிராம் மாவுச்சத்து, நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. அதே 100 கிராம் பாதாம் மாவில் மாவுச்சத்து 21 கிராம்தான், அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. புரதம் மைதாவில் 10 கிராம், பாதாமில் 21 கிராம். கொழுப்பு மைதாவில் 1 கிராம், பாதாமில் 50 கிராம்.

200 கிராம் மைதா, 100 கிராம் சீனி, 60 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை சேர்த்து 16 குக்கீஸ் சுட்டால் ஒன்றுக்கு 15 முதல் 16 கிராம் மாவுச்சத்து வரும். மைதாவுக்குப் பதில் பாதாம் மாவும், சீனிக்குப் பதில் 60 கிராம் எரித்ரிட்டாலும் (சர்க்கரையை ஏற்றாத ஒரு இனிப்பூட்டி, விவரம் கீழே) போட்டுச் சுட்டால், நார்ச்சத்தையும் எரித்ரிட்டாலையும் கழித்த பிறகு ஒன்றுக்கு 1.3 கிராம்தான் மிஞ்சும். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குளுக்கோமீட்டரில் தெரிகிற வித்தியாசம் இங்கிருந்துதான் வருகிறது.

அப்படியென்றால் கணக்குப் பார்க்காமல் சாப்பிடலாமா?

கூடாது. மேலே சொன்ன இரண்டு குக்கீஸின் கலோரியையும் கூட்டிப் பாருங்கள். மைதா குக்கீ ஒன்றில் ஏறத்தாழ 100 கலோரி. பாதாம் குக்கீ ஒன்றில் 105. குறையவே இல்லை, கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. மாவுச்சத்து போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாதாமின் கொழுப்பு பெரும்பாலும் ஒற்றை நிறைவுறா வகை, இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் எட்டு குக்கீஸ் சாப்பிட்டால் அது 840 கலோரி, ஒரு வேளைச் சாப்பாட்டைவிட அதிகம். எடை ஏறினால் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காது, சில மாதங்களில் சர்க்கரையும் ஏறும். அன்றைய குளுக்கோமீட்டர் நல்ல எண் காட்டுகிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு. அம்மா முதல் குக்கீயை முழுதாகச் சாப்பிடுவார். இரண்டாவதை 'டக்' என்று இரண்டாக உடைத்து, பெரிய பாதியைத் திரும்ப டப்பாவில் வைப்பார். ராத்திரி அந்தப் பாதி இருக்காது, அது வேறு விஷயம். கணக்கு இரண்டைத் தாண்டியதில்லை.

அளவோடு ஒரு செய்முறை கொடுங்களேன்.

தோல் நீக்கிய பாதாம் மாவு 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், பொடித்த எரித்ரிட்டால் 60 கிராம், முட்டை ஒன்று, வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன், பேக்கிங் சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கப்பால் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பாதாம் மாவு அழுத்தினால் அமுங்கும். ஒரே கப்பில் ஒருவருக்கு 95 கிராமும் இன்னொருவருக்கு 115 கிராமும் வரும். குக்கீ கெடுவதற்கு அது போதும், மாவுச்சத்துக் கணக்கும் தப்பாகிவிடும்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. அதை எரித்ரிட்டாலோடு குழைத்து, முட்டையும் வெனிலாவும் சேர்த்து அடியுங்கள். பிறகு சலித்த மாவு, சோடா, உப்பு. எல்லாம் சேர்ந்து ஒரு பந்தாக வந்தால் போதும். மூடி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். பிறகு 23 கிராம் அளவில் 16 உருண்டைகளாகப் பிரித்து, பேக்கிங் தாள் விரித்த தட்டில் வைத்து, அரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவான தடிமனுக்குத் தட்டி விடுங்கள். முன்பே சூடாக்கிய ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் 11 முதல் 13 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் வெளிறி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

எடுத்ததும் தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று பயந்து மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். தட்டிலேயே கால் மணி நேரம் விட்டால் தானாக இறுகும்.

பாதாம் மாவும் பாதாம் பொடியும் ஒன்றுதானா? வீட்டிலேயே அரைக்கலாமா?

தோல் நீக்கி மெல்லிசாக அரைத்துச் சலித்தது பாதாம் மாவு. தோலோடு கொரகொரப்பாக அரைத்ததைப் பொடி என்பார்கள். பொடியில் செய்தால் குக்கீ சற்றே பழுப்பாக, மணல் மாதிரி கரகரவென்று இருக்கும். தோலில் நார்ச்சத்து இருப்பதால் உடம்புக்கு அது குறைந்ததல்ல. மென்மையான குக்கீ வேண்டுமென்றால் மட்டும் மாவைத் தேடுங்கள். பால், முந்திரி, மாவுச்சத்துப் பொடி என்று ஏதாவது கலந்த பாக்கெட்டுகளும் உண்டு. பின்பக்கப் பட்டியலில் பாதாம் என்ற ஒரே சொல்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் தாராளமாக அரைக்கலாம். கொதிக்கும் தண்ணீரில் பாதாமை ஒரு நிமிடம் போட்டு வடித்தால், விரலால் அழுத்தியதும் பருப்பு தோலை விட்டு வழுக்கி வெளியே வரும். துணியில் பரப்பி நன்றாக உலர்த்த வேண்டும், ஈரம் இருந்தால் மிக்ஸியில் களிபோல ஒட்டும். அரைக்கும்போது விட்டு விட்டு, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விநாடி. தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுப் பாதாம் வெண்ணெய் ஆகிவிடும், பிறகு மாவாக மாற்ற வழியில்லை. சலித்து, மேலே நிற்கும் குருணையை மறுபடி அரையுங்கள்.

சீனிக்குப் பதிலாக எதைப் போடுவது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சீனி இனிப்பு மட்டும் தருவதில்லை. குக்கீயில் பருமன், மொறுமொறுப்பு, நிறம் எல்லாம் அதிலிருந்தும் வருகின்றன. அதனால் மாற்று எதுவாக இருந்தாலும் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

எரித்ரிட்டால்: சீனியின் இனிப்பில் ஏறத்தாழ 70 சதவீதம். உடம்பில் பெரும்பகுதி அப்படியே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் சர்க்கரையை ஏற்றுவதில்லை. ஒரு கிராமுக்கு 0.2 கலோரிதான். ஆறியதும் மறுபடி படிகமாகும் குணம் இதற்கு உண்டு, குக்கீ மொறுமொறுவென்று வருவதற்கு அது உதவும். நாக்கில் கரையும்போது புதினா போல ஒரு குளிர்ச்சி தெரியும், சிலருக்கு அது பிடிக்காது. கட்டாயம் பொடித்துத்தான் போட வேண்டும். அப்படியே போட்டால் பல்லில் நறநறக்கும்.

அல்லுலோஸ்: இதுவும் சீனியின் 70 சதவீத இனிப்பு, கிராமுக்கு 0.4 கலோரி. சுவையில் சீனிக்கு மிக அருகில் வருவது இதுதான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-இல், லேபிளின் மொத்தச் சர்க்கரைக் கணக்கில் இதைச் சேர்க்கத் தேவையில்லை என்று சொன்னது. எல்லா நாடுகளிலும் இதற்கு அனுமதி இல்லை. சீக்கிரம் சிவந்துவிடும், அதனால் ஓவனை 160-க்கு இறக்கி ஒன்பதாவது நிமிடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குக்கீ மிருதுவாக வரும், மொறுமொறுப்பை எதிர்பார்க்க வேண்டாம். பல் சரியில்லாத பெரியவர்களுக்கு நான் இதைத்தான் போடுவேன்.

ஸ்டீவியா, மாங்க் ஃப்ரூட்: இரண்டும் சீனியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு இனிப்பு, சிட்டிகை போதும். சிட்டிகையில் பருமன் ஏது? தனியாகப் போட்டால் குக்கீ சப்பையாக வரும், ஸ்டீவியா கூடினால் கசக்கும். எரித்ரிட்டாலைப் பாதியாகக் குறைத்து, மீதி இனிப்பை இவற்றில் எடுப்பது நல்ல வழி.

சுக்ரலோஸ்: டீக்குச் சரி. ஓவனுக்கு நான் எடுப்பதில்லை. 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது தீங்கு தரக்கூடிய குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் எச்சரித்தது. அதோடு, கரண்டியால் அளந்து போடும் சுக்ரலோஸ் பொடிகள் பலவற்றில் பருமனுக்காக மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியைக் கலக்கிறார்கள். அது சீனியை விட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும்.

சைலிட்டால்: சுவை நன்றாக இருக்கும். ஆனால் நாய்க்கு இது விஷம், சிறிய அளவே உயிருக்கு ஆபத்து. வீட்டில் நாய் இருந்தால் சமையலறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

தேனும் பேரீச்சையும் இயற்கையானவைதானே?

இயற்கையானவைதான், சர்க்கரையை ஏற்றுபவையும்தான். தேனில் 80 சதவீதத்துக்கு மேல் சீனி போன்ற இனிப்புதான். உலர்ந்த பேரீச்சையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாவுச்சத்து. பழுப்புச் சீனி, தேங்காய்ச் சர்க்கரை இரண்டும் சீனியின் உறவினர்களே. அவற்றில் இருக்கும் துளித் தாதுச்சத்துக்காகக் கரண்டி கரண்டியாகப் போடுவது சர்க்கரை உள்ளவருக்குச் செய்யும் நன்மை இல்லை. இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம் வருகிறது, தெரியும். அன்போடு செய்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

'சீனி சேர்க்காதது' என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பலாமா?

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். குக்கீயில் போடுவதற்காக ஒரு தடவை 'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்று எழுதியிருந்த சாக்லேட் வாங்கினேன். குக்கீஸ் சுடுவதற்கு முன்பே அம்மா நாலு துண்டு சாப்பிட்டுவிட்டார். சாப்பிடும் முன் 124 இருந்த சர்க்கரை இரண்டு மணி நேரம் கழித்து 178. அட்டையைத் திருப்பினால், பொடி எழுத்தில் முதல் பொருளாக மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி. சீனியின் கிளைசெமிக் குறியீடு (ஒரு உணவு சர்க்கரையை எந்த அளவுக்கு ஏற்றும் என்று காட்டும் எண்) ஏறத்தாழ 65 என்றால் மால்டிட்டாலுக்கு 35 வரும். கிராமுக்கு 2 கலோரியும் உண்டு. சீனியைவிட மெதுவாக ஏற்றும் என்று வேண்டுமானால் சொல்லலாம், ஏற்றாது என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து கடையிலேயே பொருள்களின் பட்டியலைப் படித்த பிறகுதான் கூடையில் போடுகிறேன்.

எரித்ரிட்டால் மாரடைப்பைக் கொண்டுவரும் என்று படித்தேன். பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் நடத்தியது. ரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு அதிகமாக இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று வருடங்களில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக வந்தன என்று கண்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது, ஒன்றால்தான் இன்னொன்று வந்தது என்று நிரூபிக்கவில்லை. ஏனென்றால் நம் உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டாலை உற்பத்தி செய்கிறது, உடல் சீர்கெட்டவர்களிடம் அது கூடுதலாக இருக்கலாம். 2024-இல் அதே குழு ஆரோக்கியமான 20 பேரை வைத்து ஆய்வு செய்தது. 30 கிராம் எரித்ரிட்டால் குடித்தவர்களின் ரத்தத் தட்டணுக்கள் எளிதில் உறையும் தன்மை பெற்றன, குளுக்கோஸ் குடித்தவர்களிடம் அப்படி இல்லை. ஆய்வு சிறியதுதான். அதற்காக அலட்சியமாக ஒதுக்கிவிட நான் தயாரில்லை.

மேலே கொடுத்த செய்முறையில் ஒரு குக்கீக்கு எரித்ரிட்டால் 4 கிராமுக்கும் குறைவு. இரண்டு சாப்பிட்டால் ஏழரை கிராம். ஆய்வில் கொடுத்ததில் கால் பங்கு. என் முடிவு இது: இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் வீட்டில் அல்லுலோஸ் பக்கம் போய்விடுவது நல்லது. அல்லது இனிப்பையே பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம், பாதாமுக்கும் வெண்ணெய்க்கும் சொந்தமாகவே ஒரு இனிப்பு உண்டு. மற்றவர்கள் அளவோடு சாப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்ற சீனியல்லாத இனிப்பூட்டிகளைப் பற்றிச் சொன்னதையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். எடை குறைப்பதற்காக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அந்தப் பரிந்துரை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். எரித்ரிட்டால் போன்ற, சர்க்கரை ஆல்கஹால் எனப்படும் வகை இனிப்பூட்டிகளும் அந்தப் பரிந்துரையில் அடங்கவில்லை.

நிகர மாவுச்சத்து என்றால் என்ன?

மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தைக் கழித்தால் வருவது. எரித்ரிட்டாலையும் அல்லுலோஸையும் முழுதாகக் கழிக்கலாம். மால்டிட்டாலில் பாதியைத்தான் கழிக்க வேண்டும். இன்சுலின் கணக்குப் போடுபவர்கள் மருத்துவர் சொல்லிக்கொடுத்த முறையையே பின்பற்றட்டும். சிலர் மொத்த மாவுச்சத்தை வைத்துக் கணக்கிடச் சொல்வார்கள்.

என் உடம்புக்கு இது ஒத்துக்கொள்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குளுக்கோமீட்டரிடம் கேளுங்கள். சாப்பிடும் முன் ஒரு தடவை குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு குக்கீஸ் சாப்பிடுங்கள், அவற்றோடு வேறு எதுவும் வேண்டாம். டீ குடித்தால் சீனியில்லாமல். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை பாருங்கள். சாப்பிட ஆரம்பித்து ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான பெரியவர்களுக்கு வைக்கப்படும் இலக்கு. மில்லிமோல் கணக்கில் பார்ப்பவர்களுக்கு அது 10. கர்ப்பிணிகளுக்கு இலக்கு இதைவிட இறுக்கமானது, ஒரு மணி நேரத்தில் 140, இரண்டு மணி நேரத்தில் 120.

கொழுப்பு அதிகமுள்ள பண்டம் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். அதனால் சிலருக்கு முதல் மணி நேரத்தில் எண் அசையாது, மூன்றாவது மணியில் லேசாக நகரும். முதல் முறை மட்டும் மூன்று மணி நேரத்திலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இனிப்பூட்டியையோ மாவின் பிராண்டையோ மாற்றினால் மறுபடி சோதியுங்கள்.

என் நோட்டில் ஒரே செய்முறைக்கு இரண்டு நாளில் வேறு வேறு எண்கள் இருக்கின்றன. ராத்திரி சரியாகத் தூங்காத நாளில் அம்மாவின் எண் எப்போதும் கொஞ்சம் மேலேதான். அதனால் ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு கட்டாமல் மூன்று தடவையாவது பாருங்கள். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஏற்றம் குறையும், எதைச் சாப்பிட்டிருந்தாலும்.

மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, தயவுசெய்து இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடியவை. இதுவரை மாலையில் 30 கிராம் மாவுச்சத்துள்ள பண்டம் சாப்பிட்டு வந்தவர் திடீரென்று 3 கிராம் உள்ள குக்கீஸுக்கு மாறினால், பழைய சாப்பாட்டுக்கு ஏற்ப வைத்த மருந்து இப்போது அதிகமாகிவிடலாம். மாறும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் குக்கீயோடு நிற்காமல் மொத்தச் சாப்பாட்டிலும் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலை வரலாம். அவர்களும் கேட்காமல் இறங்கக் கூடாது.

இன்னொன்று. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கும்போது இந்தக் குக்கீயைக் கொடுக்காதீர்கள். இதில் இருக்கும் மாவுச்சத்து போதாது, கொழுப்பு அதையும் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் சீனி கரைத்த தண்ணீர், பழச்சாறு, குளுக்கோஸ் என்று வேகமாக ஏறும் 15 கிராம் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். எங்கள் வீட்டில் குக்கீ டப்பாவுக்குப் பக்கத்திலேயே குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும். அவசரத்தில் கை எதை எடுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குக் குக்கீ உடைந்து பொடியாகிறதே?

கோதுமையில் இருக்கும் குளூட்டன்தான் மாவைப் பிடித்து நிறுத்துகிறது. பாதாமில் அது கிடையாது. முட்டையும், ஆறும்போது இறுகும் வெண்ணெயும்தான் பிடிப்பு. அதனால் உடைவதற்கு முக்கியக் காரணம் அவசரம். சூட்டோடு எடுத்தால் உடையத்தான் செய்யும். முழுதாக ஆறியும் உடைந்தால் மாவு கொரகொரப்பாக இருக்கிறது, அல்லது முட்டை மிகவும் சிறியது. மாவை ஒட்டிப் பிடிக்கவைக்கும் சாந்தன் கம் என்ற பொடி கால் டீஸ்பூன் சேர்த்துப் பாருங்கள்.

எண்ணெய் வடிந்து தட்டையாகப் பரவினால் வெண்ணெய் உருகியிருந்தது என்று அர்த்தம். உருட்டும்போது உள்ளங்கையில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தாலே நிறுத்திவிட்டு, மாவைப் பத்து நிமிடம் மறுபடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பரவவே இல்லை, உருண்டையாக நிற்கிறது என்றால் தட்டாமல் விட்டிருப்பீர்கள். இந்த மாவு தானாகப் பெரிதாகப் பரவாது, எந்த வடிவில் உள்ளே போகிறதோ ஏறத்தாழ அதே வடிவில் வெளியே வரும்.

அடி கருகி மேலே வேகாமல் இருந்தால் தட்டு மெல்லிசு, அல்லது ஓவன் சொல்லும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் வேறு வேறு. பாதாம் மைதாவைவிடச் சீக்கிரம் நிறம் மாறும். ஓவனுக்குள் வைக்கும் ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் பாதித் தொல்லை தீரும். ஏர் ஃபிரையரில் சுடுவதானால் 20 டிகிரி குறைத்து, ஏழாவது நிமிடத்திலிருந்து பாருங்கள்.

முட்டை சேர்க்க மாட்டோம்.

ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் விட்டால் வழவழவென்று கூழாகும். முட்டைக்குப் பதில் அது போதும். இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட வேண்டும். முட்டை போட்டது போல உப்பாது, ஆனால் கடிக்க நன்றாக இருக்கும்.

பாதிப் பாதாம், பாதிக் கோதுமை மாவு?

100 கிராம் பாதாம் மாவை எடுத்துவிட்டு 100 கிராம் முழுக்கோதுமை மாவு போட்டால் ஒரு குக்கீயின் நிகர மாவுச்சத்து 1.3 கிராமிலிருந்து 4 கிராமுக்கு மேல் போகும். மைதாவும் சீனியும் போட்டதைவிட அப்போதும் மிகக் குறைவுதான். கட்டுப்பாட்டில் இருப்பவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. கணக்கு மட்டும் மாறிவிட்டது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

தேங்காய் மாவு வீட்டில் இருக்கிறது. அதே அளவு போடலாமா?

வேண்டாம். தேங்காய் மாவு ஈரத்தைப் பஞ்சு போல இழுக்கும். 200 கிராம் பாதாம் மாவுக்கு 50 கிராம் தேங்காய் மாவே தாராளம், முட்டையும் கூடுதலாக வேண்டும். அது வேறு ஒரு குக்கீ, அதற்கென்று இருக்கும் செய்முறையில் செய்யுங்கள்.

பாதாம் ஒவ்வாமை இருந்தால்?

தோல் நீக்கிய சூரியகாந்தி விதையை அரைத்து அதே எடைக்குப் போடலாம். ஆறிய பிறகு குக்கீயின் உள்ளே பச்சையாக இருந்தால் பூஞ்சை என்று கொட்டிவிடாதீர்கள். விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் பேக்கிங் சோடாவோடு சேர்ந்தால் அந்த நிறம் வரும், சாப்பிடலாம். சோடாவைக் குறைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மாறாது. பூசணி விதையும் நன்றாக வரும்.

பட்டை போட்டால் சர்க்கரை குறையும் என்கிறார்களே?

வாசத்துக்குப் போடுங்கள். மருந்தாக நினைத்துப் போடாதீர்கள், ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. கேசியா வகைப் பட்டையில் கூமரின் என்ற பொருள் உண்டு, தினமும் கரண்டிக் கணக்கில் சாப்பிட்டால் கல்லீரலைப் பாதிக்கலாம். 16 குக்கீஸுக்கு அரை டீஸ்பூன் என்றால் கவலை இல்லை. சாக்லேட் போடும் ஆசை இருந்தால் 85 சதவீதக் கோகோ உள்ளதை 30 கிராம் நறுக்கிச் சேருங்கள். மொத்தத் தட்டுக்கும் 5 கிராம் அளவுக்குத்தான் சீனி வரும்.

சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறது. சாப்பிடலாமா?

கேட்காமல் வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரை உள்ள பலருக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். இரண்டு குக்கீஸில் 25 கிராம் பாதாம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 180 மில்லிகிராம் பொட்டாசியம், 120 மில்லிகிராம் பாஸ்பரஸ். ஆக்சலேட்டும் அதிகம், கல் அடைத்தவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்த அளவுக்குள் இது அடங்குமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

காற்றுப் புகாத டப்பாவில் வெளியே நாலைந்து நாள், ஃபிரிட்ஜில் இரண்டு வாரம். முழுதாக ஆறுவதற்கு முன் மூடினால் ஆவி உள்ளே நின்று மொறுமொறுப்பு போய்விடும். நான் பெரும்பாலும் சுடாத உருண்டைகளைத் தட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். இரண்டு மூன்று மாதம் தாங்கும். வேண்டும்போது நாலை மட்டும் எடுத்து, இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் புதிதாகச் செய்தது போலவே இருக்கும். நாலு மட்டும் சுடுவதில் இன்னொரு நன்மை, டப்பா நிறைய இருந்து கை நீளும் சங்கடம் இல்லை.

மீதி மாவையும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பாதாமின் எண்ணெய் வெளியே இருந்தால் சிக்குப்பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் எடுத்ததும் முகர்ந்து பாருங்கள். நல்ல மாவில் லேசான இனிய வாசம் இருக்கும். பழைய பெயிண்ட் போலவோ கிரேயான் போலவோ வாசம் அடித்தால், ஒரு சிட்டிகை நாக்கில் வைத்ததும் கசந்தால், எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.